கலக்காத சர்க்கரை

போன வாரம் வடம் அறுந்த இடத்தில் விட்டோம். தேயிலைக் கிடங்கின் இரண்டாவது மாடிக்கு ஏறிக்கொண்டிருந்த பெட்டி பாதியில் கீழே வந்தது. சுமை தூக்கும் நெட்டையனின் வலது கால் அதன் அடியில் போனது. பன்னிரண்டு நாளாக அவன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். காலை எடுக்க வேண்டுமா வேண்டாமா என்று டாக்டர்கள் இன்னும் வாய் திறக்கவில்லை.

நாளைக் காலை பத்து மணிக்கு விசாரணை. தலைமை அலுவலகத்திலிருந்து அதிகாரி வருகிறார்.

சுமை தூக்கும் பதினாறு பேருக்கும் மேஸ்திரி ஒருவர்தான். வடம் அறுந்தால் முதல் கேள்வி அவரைத்தான் கேட்பார்கள். ஆனாலும் மேஸ்திரிக்குப் பயமில்லை. வடத்தில் இரண்டு புரி விட்டுப்போயிருக்கிறது, மாற்றிக் கொடுங்கள் என்று பெட்டி விழுவதற்கு மூன்று நாள் முன்பே மேனேஜரிடம் சொல்லியாயிற்று. "இந்த லோடு போகட்டும், மாத்திடலாம்" என்றார் மேனேஜர். அதைத் தம்பி பக்கத்தில் நின்று கேட்டான். கூடப் பிறந்தவனே சாட்சி. அதற்கு மேல் என்ன வேண்டும்?

அந்தத் தெம்பில்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை காலை, மேஸ்திரி காலை நீட்டி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

இந்த வீட்டில் டீ என்றால் ஒரே டீ இல்லை. அடுப்படி அலமாரியில் ஏழு டப்பா நிற்கிறது. ஏழும் தம்பியின் கைவேலை.

மாதிரிக்கு ருசி பார்த்தது போக மிஞ்சிய தேயிலையைச் சனிக்கிழமை சாயங்காலம் ஆளுக்கு ஒரு கை எடுத்துப் போகலாம் என்பது கிடங்கின் வழக்கம். மற்றவர்கள் எல்லாவற்றையும் ஒரே பையில் கொட்டிக்கொண்டு போய்க் கொதிக்க விடுவார்கள். தம்பி அப்படி இல்லை. ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் ஒன்று, சாப்பாட்டு டப்பாவில் இரண்டு என்று, குழந்தையைத் தூக்கி வருவது போல வீட்டுக்குக் கொண்டுவருவான்.

எழுந்ததும் குடிக்கத் தூள் தேயிலை, நிறையப் பால் விட்டு. பத்து மணிக்கு நீள இலை, பாலைக் காட்டவே கூடாது. சாப்பிட்ட பிறகு பச்சைத் தேயிலை. அதற்குக் கொதிக்கிற தண்ணீர் ஆகாது, விரல் பொறுக்கிற சூட்டுக்கு வந்தபின் ஊற்ற வேண்டும். பூ வாசம் ஏற்றியது தம்பி மனைவிக்கு. அவளை வீட்டில் சின்னவள் என்பார்கள். புகை வாசம் அடிக்கிற கறுப்பு இலை ஒன்று உண்டு. அதைக் காய்ச்சினால் எல்லாரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடுவார்கள். மேஸ்திரியின் மனைவி பெரியவள் மட்டும் அதை ரசித்துக் குடிப்பாள்.

மேஸ்திரிக்கு இந்த வம்பெல்லாம் கிடையாது.

"சூடா இருந்தா டீ, ஆறிப்போனா தண்ணி. இதுல என்னடா ஏழு டப்பா?"

"அண்ணனுக்கு நாக்கு தோள்ல இருக்கு அண்ணி," என்பான் தம்பி. "மூட்டையோட ருசி மட்டும்தான் தெரியும்."

சொல்லட்டும். மேஸ்திரிக்கு உள்ளுக்குள் பெருமைதான். கண்ணைத் துணியால் கட்டிவிட்டு ஐந்து டம்ளர் வைத்தால் ஐந்தையும் தம்பி சரியாகச் சொல்வான் என்று கிடங்கில் சொல்லாத ஆள் பாக்கியில்லை.

ஏழு டப்பா இருப்பதால் இந்த வீட்டில் ஒரு பழக்கமும் உண்டு. புதிதாக யார் வந்தாலும் முதலில் ஒரு விசாரிப்பு நடக்கும். பால் விட்டா, வெறுமனேயா? திக்கா, லேசா? சர்க்கரை எத்தனை? வந்தவர் முழிப்பார், எல்லாரும் சிரிப்பார்கள். ஒரு முறை கேட்டுவிட்டால் அப்புறம் கேட்க மாட்டார்கள். சின்னவளின் ஞாபகம் அப்படி. அடுத்த வீட்டுக்காரரின் மச்சான் இரண்டு வருஷம் கழித்து வந்தபோதும், அரைச் சர்க்கரை போட்டு நீட்டினாள்.

அன்று காலை ஒன்பதரைக்கு வாசலில் நிழல் விழுந்தது. மேனேஜர்.

மேஸ்திரி பதறி எழுந்தார். இருபத்திரண்டு வருஷ வேலையில் எந்த மேனேஜரும் அவர் வீட்டு வாசலை மிதித்ததில்லை.

"உள்ள வாங்க சார். உக்காருங்க. இடம் கொஞ்சம் குறுகல்."

"அதனால என்ன மேஸ்திரி. மனுஷங்கதான முக்கியம்."

ஜன்னல் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தார். தம்பி சுவரோரம் நின்றான். கட்டில் முனையில் பெரியவள் மேஸ்திரியின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அவளும் அதே கிடங்கில் சாக்கு வாய் தைக்கிறவள்தான். மேனேஜரைப் பார்த்து எழுந்து நின்றாள், பிறகு உட்கார்ந்து ஊசியை எடுத்துக்கொண்டாள்.

"நெட்டையன் எப்படி இருக்கான்?"

"வலில துடிக்கறான் சார். சாயங்காலம் முழுக்க நான்தான் பக்கத்துல இருக்கேன். இன்னிக்கு லீவு, ரெண்டு மணிக்கே போகணும்."

"பாவம், பாவம்," என்றார் மேனேஜர்.

சின்னவள் தட்டில் மூன்று கண்ணாடி டம்ளர் கொண்டுவந்தாள். பால் டீ மேஸ்திரிக்கு. நீள இலை தம்பிக்கு. மூன்றாவது டம்ளரில் பால் இல்லாத சிவப்பு டீ, வெளிச்சத்தில் பளபளவென்று. அதை மேனேஜர் கையில் கொடுத்தாள்.

மேஸ்திரி பார்த்தார். டம்ளரின் அடியில் ஒரு விரல் கனத்துக்குச் சர்க்கரை வெள்ளையாகப் படிந்து கிடந்தது. கரண்டியும் வைக்கவில்லை.

அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. பெரிய மனுஷன் வீடு தேடி வந்திருக்கிறார், கலக்காமல் கொடுக்கிறாளே இந்தப் பெண்.

"ஏம்மா, சர்க்கரை அடியில கிடக்கு பாரு. ஒரு கரண்டி கொண்டா."

சின்னவள் திரும்பினாள். இரண்டு எட்டு வைத்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"வேண்டாம் மேஸ்திரி, வேண்டாம்," என்று மேனேஜர் சிரித்தார். "எனக்கு இப்படித்தான் இருக்கணும். மேல கசப்பாக் குடிச்சுக்கிட்டே வந்து அடியில இனிப்பா முடிக்கணும். சின்ன வயசுப் பழக்கம். எங்க போனாலும் கலக்கிக் கொண்டாந்து கெடுத்துடறாங்க. இங்க மட்டும்தான்..."

அதோடு நிறுத்திக்கொண்டார். ஒரு வாய் குடித்தார்.

மூட்டை தோளில் இறங்கியதும் கனம் தெரியாது. மூன்றாவது எட்டில்தான் தெரியும். மேஸ்திரிக்கு அப்படித்தான் இருந்தது. முதலில் ஒன்றும் தோன்றவில்லை. பிறகு, சின்னவள் மேனேஜரிடம் எதுவும் கேட்கவே இல்லையே என்று தோன்றியது. பாலா, வெறுமனேயா, சர்க்கரை எத்தனை, ஒன்றுமே கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான் கனம் தெரிந்தது.

மேனேஜர் பேசிக்கொண்டே போனார்.

"நாளைக்கு நீங்க பெரிசா ஒண்ணும் சொல்ல வேண்டாம். வடத்தைச் சரியா கவனிக்கலைன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான். வயசாச்சு, பார்வை கொஞ்சம் மங்கல்னு நான் எடுத்துச் சொல்றேன். மரியாதையா ஓய்வு கொடுத்து அனுப்பிடுவாங்க."

"என் பார்வை நல்லாத்தான் சார் இருக்கு. புரி விட்டதைப் பாத்துட்டுத்தான உங்ககிட்ட வந்து சொன்னேன்?"

"எங்கிட்டயா?" மேனேஜர் டம்ளரைச் சாய்த்துப் பார்த்தார். "யாரு கேட்டா?"

மேஸ்திரி தம்பியைத் திரும்பிப் பார்த்தார்.

தம்பி தன் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

அறையில் ஊசி துணியில் ஏறி இறங்கும் சத்தம்கூடக் கேட்டது. மேனேஜர் அவசரப்படவில்லை. கடைசி வாய் வரை குடித்தார். டம்ளரைச் சாய்த்துச் சாய்த்து, அடியில் இருந்த சர்க்கரையை ஒரு துளி விடாமல் இறக்கினார்.

"நல்ல டீ," என்று சின்னவளைப் பார்த்துச் சொன்னார். "யோசிங்க மேஸ்திரி. நாளைக்குப் பத்து மணி."

போய்விட்டார்.

மேஸ்திரி டம்ளரைக் கீழே வைத்தார். அவர் சத்தம் போடுகிறவர் இல்லை. பதினாறு பேரைக் கண்ணாலேயே வேலை வாங்குகிறவர்.

"அவரு என்ன குடிப்பாருன்னு உன் பொண்டாட்டிக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் சொன்னேன் அண்ணே," தம்பி தயாராக இருந்தவன் போலச் சொன்னான். "ஆபீஸ்ல குடிக்கறதைப் பாத்திருக்கேன்ல. ஜன்னல் வழியாத் தெரியும். வந்தா இப்படிக் கொடுன்னு சொல்லி வெச்சேன்."

நம்பக்கூடிய பதில்தான். மேஸ்திரிக்கு நம்ப ஆசையாகவும் இருந்தது. தலையை ஆட்டிவிட்டு எழுந்துபோயிருந்தால் அந்த நாள் அப்படியே கழிந்திருக்கும்.

"வந்தா கொடுன்னா? வருவாருன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

தம்பி டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்தான்.

மேஸ்திரி அடுப்படி வாசலைப் பார்த்தார். சின்னவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எத்தனை தடவை வந்தாரும்மா?"

"அவளை ஏன் கேக்கற? என்கிட்ட கேளு," என்று தம்பி பாய்ந்தான்.

"மூணு தடவை மாமா." சின்னவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "நீங்க ஆஸ்பத்திரில இருக்கற நேரமாப் பாத்து. முதல் தடவை நான் கேட்டுத்தான் போட்டேன். இன்னிக்குக் கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல மாமா. கை தானாப் போட்டுடுச்சு."

"வாயை மூடுடி!"

"ஏன்? நான் கொடுத்தது டீ மட்டும்தான். நீங்க கொடுத்தது என்னன்னு சொல்லுங்க உங்க அண்ணன்கிட்ட."

தம்பி கட்டிலின் மறு முனையில் உட்கார்ந்தான். கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"கையெழுத்துப் போட்டுட்டேன்," என்றான்.

"எதுல?"

"வடத்தைப் பத்தி நீ யாருகிட்டயும் சொல்லலைன்னு. நான் எதையும் கேக்கலைன்னு."

மேஸ்திரி அவனையே பார்த்தார். அவனுக்குக் கிடங்கில் முதல் மூட்டையைத் தோளில் ஏற்றிவிட்டது அவர் கைதான். கழுத்தை வளைக்காதே, முழங்காலை மடக்கு என்று சொல்லிக் கொடுத்து, முதல் ஒரு மாதம் பின்னாலேயே நடந்தார், விழுந்தால் பிடிக்க.

"என்னடா தர்றேன்னு சொன்னான்?"

"ருசி பாக்கற ரூம்."

அவ்வளவு மெதுவாகச் சொன்னான், மேஸ்திரிக்குப் பாதிதான் கேட்டது. கேட்ட பாதியே போதுமாக இருந்தது.

கிடங்கின் மேல்மாடியில் இருக்கிறது அந்த அறை. வெள்ளை ஓடு பதித்த மேஜை, நீளத்துக்கு வெள்ளைக் கிண்ணங்கள். அங்கே இருப்பவர்கள் ஒவ்வொரு தேயிலையையும் உறிஞ்சிப் பார்த்துத் துப்பிவிட்டு இது இன்ன ரகம், இன்ன விலைக்குப் போகும் என்று சொல்வார்கள். அந்த அறை வாசலில் பெட்டியை இறக்கும்போதெல்லாம் தம்பி ஒரு நொடி அதிகமாக நிற்பான். மேஸ்திரி பார்த்தும் பார்க்காதது போல இருப்பார்.

"தண்ணி கொதிக்க வைக்கற வேலைதான் முதல்ல," என்றான் தம்பி. அவன் குரல் மாறியிருந்தது. "கிண்ணம் கழுவணும், இலை எடுத்து வைக்கணும். ஆனா அங்க நிக்கலாம் அண்ணே. நாள் பூரா அந்த வாசத்துல நிக்கலாம். ரெண்டு வருஷத்துல கிண்ணத்துலயும் கை வைக்க விடுவேன்னாரு."

"அதுக்கு என் தலையா?"

"உனக்கு இது புரியாது. உனக்குச் சூடா இருந்தா டீ. எனக்கு நாப்பது வயசாகப் போகுது. இந்த நாக்கை வெச்சுக்கிட்டு இன்னும் எத்தனை நாளைக்கு மூட்டை தூக்கறது? கண்ணைக் கட்டி வித்தை காட்டி, நீ ஊரெல்லாம் சொல்லி, எல்லாரும் கை தட்டிட்டுப் போயிடறாங்க. என்னைக்காவது ஒரு நாள் அந்த மேஜைல என் தம்பியை உக்கார வைங்கன்னு நீ போயி கேட்டிருக்கியா?"

மேஸ்திரி கேட்டதில்லை. தம்பி தன் கூட்டத்திலேயே, தன் கண் எதிரிலேயே இருக்க வேண்டும் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தார்.

"கேக்கலை," என்றார் கடைசியில். "அது என் தப்பு. அதுக்கு என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். தனி அடுப்பு வெச்சுப் பிரிஞ்சு போயிருக்கலாம். நெட்டையன் காலைக் கொண்டுபோய் எதுக்குடா அடகு வெச்ச? மேஸ்திரி யாருகிட்டயும் சொல்லாம, தெரிஞ்சே என்னைப் புரி விட்ட வடத்துக்குக் கீழ நிறுத்தினாருன்னு அவன் நெனைப்பானே. பாதிப் பாரம்தான் ஏத்தினேன், வேண்டாம் வேண்டாம்னுதான் ஏத்தினேன். அதை யாரு சொல்லுவா இப்ப?"

தம்பி எழுந்தான். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். வாசலில் ஒரு முறை நின்றான். திரும்பிப் பார்க்கவில்லை.

சின்னவள் அடுப்படிக்குள் போய் மூன்றாவது டம்ளரைத் தேய்க்க ஆரம்பித்தாள். அந்தச் சத்தம் நிற்கவே இல்லை.

அப்போதுதான் மேஸ்திரிக்கு அது நினைவுக்கு வந்தது. இத்தனை நாள் அதை அவர் ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை. மேனேஜரிடம் வடத்தைப் பற்றிச் சொன்ன அன்று, ஐந்தாறு எட்டு தள்ளி உட்கார்ந்து சாக்கு தைத்துக்கொண்டிருந்தவள் யார்? தம்பியே சாட்சி இருக்கிறான், பெண்டாட்டியை எதற்கு விசாரணை அறைக்கு இழுப்பது என்று அவள் பெயரையே எடுக்காமல் விட்டிருந்தார்.

நெஞ்சில் காற்று வந்தது.

"இந்தா," என்று மனைவி பக்கம் திரும்பினார். "நீ கேட்டல்ல அன்னிக்கு?"

பெரியவள் பொத்தானைச் சுற்றி நூலை இறுக்கினாள். "கேட்டேன்."

"மேனேஜர் என்ன சொன்னாரு?"

"இந்த லோடு போகட்டும், மாத்திடலாம்னாரு."

"அப்படியே வந்து சொல்லு நாளைக்கு. ஒரு வார்த்தை கூடவும் வேணாம், ஒரு வார்த்தை குறையவும் வேணாம்."

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். சட்டையை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்ன?"

"அவரு மூணு தடவை வந்தப்பவும் நான் வீட்லதான் இருந்தேன்."

மேஸ்திரி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். மேனேஜர் உட்கார்ந்திருந்த நாற்காலி.

"தம்பி கையெழுத்துப் போட்டதும் இங்கதான். இந்தக் கட்டில்லதான். போடவான்னு என்னைப் பாத்தான். நான் வேண்டாம்னு சொல்லல."

"ஏன்?"

"ஏனா?" அவள் முதல்முறையாக நிமிர்ந்தாள். "பெட்டி விழுந்தப்ப நெட்டையன் எங்க நின்னான், நீங்க எங்க நின்னீங்க? ரெண்டு எட்டு. நான் பாத்துக்கிட்டு இருந்தேன். தூசி அடங்கறவரைக்கும் அடியில கிடக்கறது யாருன்னு எனக்குத் தெரியல. அந்த நேரத்துல நான் செத்துப் பொழச்சேன். இன்னிக்கு ஒரு வடத்தை மாத்துவாங்க. அடுத்த வருஷம் அது அறுந்து போகும். நீங்களா அந்த வேலையை விடமாட்டீங்க. முதுகு போச்சு, விடல. கெஞ்சினேன், விடல. அவங்களா அனுப்பினா வீட்ல உக்காருவீங்கன்னு நெனைச்சேன்."

"திருட்டுப்பய மாதிரி அனுப்புவாங்களே. அது உனக்குத் தெரியலையா?"

"உசிரோட அனுப்புவாங்கன்னு தெரிஞ்சுது."

அவள் சொல்வதில் பொய் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. தம்பி மேல் கோபப்பட்டுவிடலாம், அதற்கு இடம் இருந்தது. இவள் மேல் எங்கே போய்க் கோபப்படுவது?

"சரி. நடந்தது நடந்துபோச்சு," என்றார். "நாளைக்கு வர்றியா, இல்லையா?"

"வரணும். மேனேஜரும் வரச் சொல்லியிருக்காரு. தம்பி போட்ட அதே கடுதாசியில என் பேரும் இருக்கு. பக்கத்துல கையெழுத்துக்கு இடம் விட்டு வெச்சிருக்காங்க. காலைல உள்ள போறதுக்கு முன்னாடி போடணுமாம்."

"போடுவியா?"

அவள் சட்டையை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"போடமாட்டேன்," என்றாள். "கேட்டதைக் கேட்டபடி அதிகாரி முன்னால சொல்லுவேன். மேனேஜர் மூஞ்சியைப் பாத்தே சொல்லுவேன். உங்க பேருல ஒரு புள்ளி விழாது. ஆனா அதுக்கு முன்னாடி நீங்க ஒண்ணு எழுதித் தரணும். இனிமே இந்த வேலைக்கு வரலைன்னு. எழுதி என் கையில கொடுங்க. விசாரணை முடிஞ்சதும் நானே கொண்டுபோய்க் கொடுக்கறேன்."

"நான் எழுதிக் கொடுக்கலைன்னா?"

பெரியவள் சட்டையை மறுபடி மடியில் வைத்துக்கொண்டாள். மேஸ்திரி அவள் முகத்தைத் தேடினார். இருபத்தாறு வருஷம் பார்த்த முகம். அதில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. எடை போட்டு முடித்தவர்களின் முகம் அப்படித்தான் இருக்கும்.

தம்பி அவரை விற்றுவிட்டான். இவள் இன்னும் விற்கவில்லை, விலை சொல்கிறாள்.

சட்டையை அவள் மடியிலிருந்து எடுத்துக்கொண்டார். போட்டுக்கொண்டார். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

"சாப்பிட்டுப் போங்க," என்றாள்.

"பசிக்கல."

தெருவில் இறங்கினார். மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு மணிக்குத்தான் உள்ளே விடுவார்கள். அங்கே நெட்டையன் தலையைத் திருப்பி வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக் கிடப்பான். "நாளைக்கு நீங்க சொல்லிடுவீங்கல்ல மேஸ்திரி?" என்று நேற்றுப் போலவே இன்றும் கேட்பான்.

மேஸ்திரி வெயிலில் நடந்தார். இரண்டு மணிக்குள் அவனுக்கு ஒரு பதில் வேண்டும்.